காரின் மூக்கில் மூன்று பட்டங்கள்

ஓய்வுபெற்ற பதிவாளர் வைத்திலிங்கம், தன் பெயரையும் மூன்று பட்டங்களையும் அகலமான பித்தளைப் போர்டில் பொறித்து, தன் கிழட்டுக் காரின் மூக்கில் மாட்டியிருந்தார். ரேடியேட்டருக்குக் காற்று போக வழியில்லை. ஏற்காடு மலை ஏறும்போதெல்லாம் வண்டி கொதித்து நின்றது. போர்டைக் கழற்றச் சொன்ன மெக்கானிக்குக்கு வாசலிலேயே அர்ச்சனை.

உறவுக்காரர் கல்யாணத்துக்காக மறுபடி மலையேற வேண்டும். ஓட்டப்போவது மருமகள் தமயந்தி.

"வண்டி கொதிச்சுதோ, இனிமே நீ சாவியைத் தொடக்கூடாது. போர்டைக் கழட்டுங்கன்னும் சொல்லக்கூடாது!" என்று மிரட்டினார் மாமனார்.

"சேச்சே, நான் ஏன் மாமா சொல்றேன்? எதிர்ல வர்றவங்க உங்க முகத்தைப் பார்த்தே மரியாதை கொடுத்துடறாங்க. பின்னாடி வர்றவன்தான் யாரு போறாங்கன்னு தெரியாம ஹாரன் அடிச்சு விரட்டறான்."

"அதானே! என்ன திமிர் அவனுக்கு!" என்று மாமனாரே ஸ்பேனரைத் தேடியெடுத்து, போர்டைப் பின்னால் டிக்கிக் கதவில் மாட்டினார்.

வண்டி முணுமுணுக்காமல் மலையேறியது.

கல்யாண வாசலில் உறவினர்களிடம், "ஒரு அதட்டல் போட்டேன், வண்டி அடங்கிடுச்சு" என்றார் வைத்திலிங்கம்.

"ஆமா மாமா" என்றாள் தமயந்தி. "உங்க பட்டமெல்லாம் மூக்கை விட்டு நகர்ந்ததும் பாவம், அது நல்லா மூச்சு விட்டுச்சு."

பந்தலே சிரித்தது. மாமனார் சாவியைக் கேட்கவில்லை. இறக்கத்திலும் அவள்தான் ஓட்டினாள்.