கெண்டை மீனுக்கு வந்த வழக்கு

ஜப்பானில், மலைக்கும் கடலுக்கும் நடுவே மிசோனோ என்றொரு குட்டி நாடு. நாடுதான் குட்டி, அதை ஆண்ட மொரிஹிதே பிரபுவின் கோபம் மூன்று நாட்டுக்குப் போதும். ஐந்து பெண்களுக்குப் பிறகு அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

அந்த ஊர் வழக்கப்படி, ஒரு மாதம் ஆனதும் பிள்ளையைக் கோயிலுக்கு எடுத்துப் போக வேண்டும். செவிலி மார்போடு ஏந்திக்கொள்ள, குழந்தையின் மேல் கிமோனோ என்னும் பட்டு அங்கியைப் போர்த்துவார்கள். ஆண்பிள்ளை என்றால் அதில் வீரத்துக்கு அடையாளமாக ஒரு படம் இருந்தாக வேண்டும். எந்தப் படம் என்பதில்தான் வம்பு வந்தது.

அரண்மனைச் சாயக்காரர் மொகுபே இருபது நாள் பாடுபட்டு, அருவியில் எதிரேறும் கெண்டை மீனைப் பட்டில் தீட்டிக் கொண்டுவந்தார். அப்படி ஏறி உச்சியைத் தொடும் கெண்டை டிராகனாக மாறும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை.

மந்திரி தோனாய் உதட்டைப் பிதுக்கினார். அவருடைய மைத்துனரும் சாயக்காரர்தான். அரண்மனை வேலைமேல் வெகுநாளாகக் கண்.

"கெண்டை போய்ச் சேருமிடம் குழம்புச் சட்டி, பிரபுவே. சின்னப் பிரபுவுக்கு இதுவா?"

"அப்படியானால் ராஜாளி?" என்றார் மொகுபே.

"அடுத்தவன் கையில் உட்கார்ந்து அடுத்தவனுக்காக வேட்டையாடும் பறவை!"

"போர்த் தலைக்கவசம்?"

"உள்ளே தலை இல்லையே."

"புலி?"

"நீ புலியைப் பார்த்திருக்கிறாயா?"

ஜப்பானில் புலி கிடையாது. ஓவியர்கள் அதை அத்தனை துணிச்சலாக வரைவதற்கு அதுவே காரணம். மொகுபே, "இல்லை" என்றார்.

"கேட்டீர்களா பிரபுவே? பூனையை வரைந்துவிட்டுப் புலி என்பான்!"

பிரபு விசிறியால் தொடையில் அடித்தார். "யாரும் குறை சொல்ல முடியாத படம் வேண்டும். மூன்று நாள் தருகிறேன். இல்லையென்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பு!"

மொகுபே நேரே இஸ்ஸாயிடம் ஓடினார். சபையில் பாட்டுப் படிப்பதும் பிரபுவின் கோபத்தைத் தணிப்பதும் இஸ்ஸாயின் வேலை. முதலாவது எளிது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இஸ்ஸாய் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு மொகுபேயின் காதில் எதையோ சொன்னார்.

"ஐயோ, அதையா? என் தலை போய்விடும் ஐயா!"

"தாளில்தானே வரையச் சொல்கிறேன்? நீ வரை. பேச்சு என் பாடு."

மூன்றாம் நாள் சபையில் இஸ்ஸாய் தாளை விரித்தார். குதிரைமேல், உருவிய வாளோடு, சாட்சாத் மொரிஹிதே பிரபு!

"தோனாய் அவர்களே, குறை சொல்லுங்கள்" என்றார் இஸ்ஸாய் பணிவாக.

தோனாய் வாயைத் திறந்தார். மூடினார். ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாகச் சொல்லுங்கள், பிரபுவுக்குக் கேட்கட்டும்."

"குறையே... குறையே இல்லை!"

பிரபு மீசையைத் தடவிக்கொண்டார். "தோள் இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கலாம். சரி, இதையே தீட்டு!"

மொகுபேக்கு மூச்சு வந்தது. இஸ்ஸாய் தாளைச் சுருட்டவில்லை.

"ஒரு சின்ன விஷயம், பிரபுவே. போர்த்தும்போது இந்தப் படம் குழந்தையின் இடுப்புக்குக் கீழே வரும். கோயிலுக்குப் போக ஒரு நாழிகை, வர ஒரு நாழிகை. ஒரு மாதப் பிள்ளை அத்தனை நேரம்..."

சபையில் பலர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

"என் முகத்திலா?" என்றார் பிரபு.

"அப்பாவின் முகம் என்று அதற்கு இன்னும் அடையாளம் தெரியாதே, பிரபுவே."

"எடு, எடு அதை! அந்த இடத்தில் இருந்து தாக்குப்பிடிக்கிற படம் ஏதாவது உண்டா இல்லையா?"

இஸ்ஸாய், மொகுபே முதலில் தீட்டிய பட்டுத்துணியை எடுத்து விரித்தார்.

"இதோ, நம் கெண்டை. அருவியையே எதிர்த்து ஏறுகிற மீன், பிரபுவே. இதற்கா பயப்படும்?"

பிரபு சிரித்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. மொகுபேக்குப் பட்டறை நிலைத்தது. இஸ்ஸாய்க்கு இரண்டு பட்டுச் சுருள் கிடைத்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்தில், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. செவிலி கதவைச் சற்றே திறந்து, மாற்றுத் துணி கேட்டாள்.