இல்லாதவர் வழியாக

"ஃபார்மட் போட்டுடலாம், குருவே" என்று சொல்லிக்கொண்டே ஏகாம்பரம் பென்டிரைவைச் செருகப் போனார்.

பௌசியா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பென்டிரைவ் அந்தரத்தில் நின்றது.

"என்னென்ன பாத்தீங்க?"

"எல்லாம் பாத்தாச்சு. வைஃபை முழுசா காட்டுது, ஆனா ஒரு பக்கமும் திறக்கல. ரூட்டரை அணைச்சுப் போட்டேன். வேற பிரவுசர்ல பாத்தேன், அதுலயும் இதே கதை. என் போன் இதே வைஃபைல ஜம்முனு ஓடுது. மெஷின்தான் கெட்டுப்போச்சு."

"என்ன கெட்டுப்போச்சு?"

"அது தெரியல. அதான் ஃபார்மட்."

பாலக்கரையில் மாடியில் இருந்த அந்தக் கணினி ரிப்பேர் கடை பௌசியாவுடையது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. ஏகாம்பரம் கூட்டுறவு வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தொழில் கற்க வந்தவர். முதல் வாரம் கேலியாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். பிறகு அதுவே அவள் பெயராகிவிட்டது. புரியாத நோய் எதுவானாலும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது.

மேசைக்கு எதிரே வேதவல்லி பைக்குள் கைவிட்டபடி உட்கார்ந்திருந்தார். மடிக்கணினி அவருடையது. மெல்போர்னில் இருக்கும் குழந்தைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். கணவர் இறந்ததும் நிறுத்திவிட்டார். மறுபடி தொடங்குவதாகச் சொல்லி இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார். இன்று பதினொரு மணிக்கு வகுப்பு.

"பதினொண்ணுக்குள்ள வந்துடுமாம்மா?"

"பாக்கலாம்க்கா."

"வரலன்னாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க. ஆனா இந்தத் தடவையும் தள்ளினா அப்புறம் நான் எடுக்க மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து இப்படி?"

"நேத்து ஒரு சாஃப்ட்வேரை மெஷின்லேர்ந்து எடுத்துட்டேன். அதுலேர்ந்து."

"என்ன சாஃப்ட்வேர்?"

"எங்க வீட்டுக்காரர் போட்டு வச்சது. கண்ட பக்கமெல்லாம் வராம பாத்துக்கும். காலைல திறந்ததும், அவர் பேரைச் சொல்லி 'வணக்கம் தணிகாசலம், இன்று எல்லாம் பாதுகாப்பாக உள்ளது'ன்னு ஓரத்துல வரும்."

பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தார்.

"தினமும் வரும்."

ஏகாம்பரம் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எடுத்ததும் எதுவுமே திறக்கல. கோவிச்சுக்கிட்டார் போலிருக்குன்னு நெனச்சேன்" என்று வேதவல்லி சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

பௌசியா செட்டிங்ஸைத் திறந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஏகாம்பரம் சார், ப்ராக்ஸின்னா என்ன?"

"காலேஜ்ல வராதவனுக்கு நாம 'உள்ளேன் ஐயா' சொல்றது. நான் ஒரே பீரியட்ல மூணு பேருக்குச் சொல்லியிருக்கேன், மூணு குரல்ல."

"மாட்டிக்கலையா?"

"அதுல மாட்டல. அந்த மும்முரத்துல என் பேரைக் கூப்பிட்டது காதுல விழல. எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாங்க."

இந்த முறை வேதவல்லி நிஜமாகவே சிரித்தார்.

"இங்கயும் அந்த மாதிரிதான்" என்றாள் பௌசியா. "பிரவுசருக்குப் பதிலா ஒருத்தர். அது எதைக் கேக்கணும்னாலும் முதல்ல இவர்கிட்ட சொல்லும். இவர் வெளியே போய் வாங்கிட்டு வந்து, நல்லதா கெட்டதான்னு பாத்துட்டுக் கொடுப்பார். அவரோட முகவரி இது. படிங்க."

"நூத்து இருபத்தேழு, சைபர், சைபர், ஒண்ணு."

"எங்க இருக்கு?"

ஏகாம்பரம் யோசித்தார்.

"அமெரிக்காவா?"

"இங்கயேதான் சார். இதே மெஷினுக்குள்ள."

ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். பக்கத்தில் ஒரு சிறிய பொத்தான் நீல நிறத்தில் இருந்தது. 'ஆன்' என்று காட்டியது.

"அந்த சாஃப்ட்வேரைத்தான் எடுத்தாச்சே, குருவே. நானே பாத்தேன், சுத்தமா இல்ல. ஆளே இல்லாத இடத்துல போய் இது ஏன் இன்னும் கேட்டுக்கிட்டு நிக்குது?"

பௌசியா நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"எங்க அப்பார்ட்மென்ட்ல மரியசெல்வம்னு ஒரு வாட்ச்மேன் இருந்தார். கூரியர் எது வந்தாலும் அவர் கேபின்ல கொடுத்துடுவாங்க. அவர் மேல கொண்டு வந்து தருவார். ஒருநாள் வேலையை விட்டுட்டு மகள் வீட்டுக்குப் போயிட்டார்."

"சரி."

"அப்புறமும் கூரியர்காரர் வந்தார். கேபினுக்குள்ள தலையை விட்டு, 'மரியசெல்வம் அண்ணே'ன்னு கூப்பிட்டார். பதில் இல்ல. கொஞ்ச நேரம் நின்னார். திரும்பிப் போயிட்டார். மறுநாளும் வந்தார், போனார். எங்கம்மாவோட மருந்து அவர் பையில இருக்கு. நாங்க மேல கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"அந்தாளுக்கு அறிவு வேண்டாமா? மாடி ஏறி வந்தா என்ன?"

"அவருக்குச் சொல்லியிருந்தது அவ்வளவுதான் சார். கேபின்ல கொடுன்னு."

"அப்ப வாட்ச்மேன் மேல தப்பா?"

"அவர் என்ன தப்பு பண்ணார்? இருந்த வரைக்கும் ஒரு பார்சல் கெட்டதில்ல."

"கடைசில என்ன ஆச்சு?"

"ஒருநாள் நான் கேட் பக்கத்துலயே நின்னேன். அவர் வந்ததும், 'அண்ணே, மரியசெல்வம் இல்ல. இனிமே நேரா மேல வாங்க'ன்னு சொன்னேன்."

வேதவல்லி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரத்துக்குப் பிடிபட்டுவிட்டது. "அட, இவ்வளவுதானா! இதை ஆஃப் பண்ணினா நேரா போயிடும்" என்று மவுஸை எட்டினார்.

பௌசியா மவுஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். பிறகு அதை மெதுவாக நகர்த்தி வேதவல்லியின் முன்னால் வைத்தாள்.

"நீங்க அமுக்குங்கக்கா."

"நானா?"

"ம்."

வேதவல்லி மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"இதை அமுக்கினா அவர் வச்சிருந்தது ஏதாவது போயிடுமா? போட்டோ, பாட்டு..."

"எதுவும் போகாதுக்கா. எல்லாம் வச்ச எடத்துலயே இருக்கும். இது போற வழி மட்டும்தான்."

மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பௌசியாவைப் பார்த்தார். பௌசியா இருவரையும் பார்க்காமல் ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்குன்னு ஒருதடவை வந்துச்சும்மா" என்றார் வேதவல்லி. "நான் அமுக்கிட்டேன். திரை பூரா என்னென்னவோ வந்து நின்னுடுச்சு. அழுதுட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் உக்காந்து இதைப் போட்டுக் கொடுத்தார். 'இனிமே நீ எதை வேணா அமுக்கு வேதா, நான் பாத்துக்கறேன்'னார்."

கீழே பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"கார் என்ன கலர்?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"சிவப்பு."

"நானா இருந்தாலும் அமுக்கியிருப்பேன்மா."

வேதவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். புடவைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்தார்.

பொத்தானை அமுக்கினார்.

நீலம் போய்ச் சாம்பலானது. வேறொன்றும் நடக்கவில்லை. பௌசியா எட்டி பிரவுசரைத் திறந்தாள். பக்கம் வந்தது. வகுப்புக்கான ஜன்னலில் சிறிய சதுரங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஒரு சதுரத்தில் நெற்றி மட்டும் தெரிந்தது. இன்னொன்றில் ஒரு நாய்.

"மிஸ், நீங்க கேக்குதா?" என்றது ஒரு குழந்தை.

"நான் கேக்குதான்னு இல்ல கண்ணு, நான் பேசறது கேக்குதா" என்றார் வேதவல்லி. "கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்கு. உன் முகம் எங்க?"

பௌசியா கேபிளோடு எழுந்து வாசல் பக்கம் வந்தாள். ஏகாம்பரமும் பின்னாலேயே வந்தார்.

"ஒரே ஒரு கிளிக்" என்று கிசுகிசுத்தார். "நேரம் வேற ஓடிக்கிட்டிருந்துச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. நீங்களே அமுக்கியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும், குருவே."

"முடிஞ்சிருக்கும்" என்றாள் பௌசியா. "நான் அமுக்கியிருந்தா ரிப்பேர் மட்டும்தான் முடிஞ்சிருக்கும்."

ஏகாம்பரம் திரும்பி உள்ளே பார்த்தார்.

உள்ளே வேதவல்லி 'ழ'வைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாகவே நடந்து போய் விசிறியை நிறுத்தினார்.