பன்னிரண்டாவது கால்

"பன்னிரண்டு பேர்ல கஸ்பாரை மட்டும் எடுத்துருங்க சாமி" என்றார் உபதேசியார் பர்னபாஸ்.

அன்று பெரிய வியாழன். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாயங்காலப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவ வேண்டும். யார் யார் என்ற பட்டியலைக் காலையிலேயே கோயில் கதவில் ஒட்டியாகிவிட்டது.

பர்னபாஸுக்கு வயது அறுபத்திரண்டு. ஊருக்குச் செபம் சொல்லிக் கொடுத்து, ஏழு சாமியார்களை வரவேற்று வழியனுப்பியவர். எட்டாவதாக வந்திருக்கும் அமலதாஸ் சாமியாருக்கு அவர் மகள் வயதுகூட ஆகவில்லை.

"ஏன் எடுக்கணும்?"

"அவன் எம் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்தவன்."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. மகள் பிலோமினாவுக்கு நிச்சயம் முடிந்து, கோயிலில் முதல் ஓலையும் வாசித்து, கல்யாணத்தை ஊருக்கே அறிவித்தாகிவிட்டது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணுக்கு வலிப்பு உண்டாமே, எங்களுக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

"மூணு வயசுல காய்ச்சல் முத்தி ஒரே ஒரு தடவை வந்துச்சு சாமி. கஸ்பார் வீட்டு வாசல்ல விளையாடிக்கிட்டு இருக்கும்போது. பார்த்தது அவன் ஒருத்தன்தான்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்க? அவன் மூஞ்சியில முழிச்சே ஒம்பது வருசமாச்சு."

"மகள் என்ன சொல்றாங்க?"

"அத ஏன் கேக்கீய. தெருவுல அவனப் பார்த்தா, 'மாமா, சாப்ட்டீயளா'ன்னு கேக்கா. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வருது."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"செபம் சொல்லும்போது உங்களுக்கு ஒரு இருமல் வருதே உபதேசியாரே, அது எதுக்கு?"

பர்னபாஸுக்கு முகம் சுண்டிவிட்டது. கர்த்தர் கற்பித்த செபத்தை ஊரே அவர் பின்னால்தான் சொல்லும். பிறரை மன்னிப்பது பற்றிய வரி வந்ததும் அவருக்குத் தவறாமல் இருமல் வந்துவிடும். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"கோயில்ல நின்னு பொய் சொல்லக் கூடாதுல்லா சாமி. அந்த வரி எனக்கு வர மாட்டேங்கு. அதைச் சொல்லாமலே செத்துருவேனோன்னு பயமாத்தான் இருக்கு."

"அவர் வந்து மன்னிப்புக் கேட்டா?"

"கேக்கட்டும். பதில் வச்சிருக்கேன்."

"என்ன பதில்?"

"கோயிலுக்குள்ள வச்சுச் சொல்லுற பதில் இல்ல சாமி."

சாமியார் பட்டியலைப் பார்த்தார். முதல் நாற்காலி சீடர்களில் தலைவரான இராயப்பருடையது. வருடா வருடம் உபதேசியார்தான் அதில் உட்காருவார்.

"கஸ்பார் உக்காந்தா நான் உக்கார மாட்டேன்" என்றார் பர்னபாஸ்.

"சரி, உக்கார வேண்டாம்" என்றார் சாமியார். "உங்க இடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். நீங்க எனக்குத் தண்ணி ஊத்துங்க."

சாயங்காலம் கோயிலில் நிற்க இடமில்லை. சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் நாற்காலிக்கு முன் மண்டியிட்டார். உபதேசியார் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பாதம் கழுவிக்கொள்ள வருகிறவர்கள் அதை வீட்டிலேயே கழுவிவிட்டுத்தான் வருவார்கள். சாமியார் கையில் அழுக்குப் படலாமா? நகம் வெட்டி, நார் போட்டுத் தேய்த்து, வாசனைச் சோப்புப் போட்டு வந்திருந்தார்கள். ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார். ஆளுக்கு வலது காலை மட்டும் நீட்டினார்கள். சாமியார் கழுவி, துடைத்து, முத்தமிட்டு நகர்ந்தார். பதினோரு கால் முடிந்த பிறகும் காலடியில் வைத்திருந்த பேசினில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

பன்னிரண்டாவது நாற்காலியில் கஸ்பார். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தான். முழங்கால்வரை சேறு காய்ந்து, அதன்மேல் உப்புப் பூத்திருந்தது.

உபதேசியாருக்கு ரத்தம் தலைக்கேறியது. குனிந்து சாமியாரின் காதோரம் சொன்னார்.

"பார்த்தீயளா சாமி? வேணும்னே இப்படி வந்திருக்கான். பீடத்துக்கு முன்னால உங்கள அவமானப்படுத்த."

சாமியார் நிமிரவில்லை.

"பதினோரு பேரும் வீட்லயே கழுவிட்டு வந்துட்டாங்க. இவர் ஒருத்தர்தான் நம்மள நம்பி வந்திருக்கார். ஊத்துங்க."

பர்னபாஸ் ஊற்றினார். பேசினில் தண்ணீர் கறுத்தது. வெடிப்பில் பட்டு எரிந்ததோ என்னவோ, கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான். ஊற்றுவது யாரென்று அப்போதுதான் பார்த்தான். காலை இழுத்துக்கொள்ளப் போனவனைச் சாமியார் விடவில்லை.

"அண்ணே" என்றான். குரல் பாட்டுச் சத்தத்தில் பாதி அமுங்கிவிட்டது. "நாந்தான்ணே சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்காரவுங்க கேட்டாவ. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல. உங்க வாசல் வரைக்கும் எத்தனையோ தடவை வந்துட்டுத் திரும்பியிருக்கேன்."

ஒன்பது வருடமாகத் தயார் செய்து வைத்திருந்த பதில் உபதேசியாருக்குத் தொண்டைவரை வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் நறுக்கென்று இருக்கும். ஊரே கேட்டுக்கொண்டிருந்தாலும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

கண் மட்டும் அந்தக் காலைவிட்டு நகரவில்லை. சேறு போன இடத்தில் உள்ளங்கால் தெரிந்தது. பிள்ளைக்குக் கண் சொருகிய அந்த மத்தியானம், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் இரண்டு மைல் ஓடியது இந்தக் கால்தான். செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தபோது கஸ்பாரின் உள்ளங்கால் முழுக்கக் கொப்பளம். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

பர்னபாஸ் இந்த ஒன்பது வருடத்தில் அதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

சாமியார் காலைத் துடைத்து, முத்தமிட்டு எழுந்தார். பாட்டு முடிந்தது. சடங்கும் அத்தோடு முடிந்தது.

உபதேசியார் துண்டைச் சாமியாரிடமிருந்து வாங்கிக்கொண்டார். முழங்கால் வலியோடு மெல்ல மண்டியிட்டார். செம்பில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.

"இடது காலையும் நீட்டுலே" என்றார்.