உச்சி வெயிலில் காணாமல்போன புகை

மாசிலாமணி இருபத்தாறு வருடம் காட்டுத்தீ அணைத்தவர். முழங்கால் இனிமேல் மலை ஏறமாட்டேன் என்று அடம்பிடித்ததால், ஐம்பத்து மூன்றாம் வயதில் அடிவாரத்துக் கண்காணிப்பு அறையில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. செயற்கைக்கோள் படத்தில் புகையைப் பின்தொடர அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் செண்பகவல்லி. வயது முப்பத்தொன்று. அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

அந்த அறைக்கு ஒரு பழக்கம் உண்டு. அரை மணிக்கொரு படம் வரும். திரைமேல் ஒட்டிய கண்ணாடித்தாளில் புகையின் ஓரத்தை மார்க்கரால் வரைய வேண்டும். அன்று காலைக் கோடு கொண்டைமலைப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது. பள்ளியில் அன்றைக்கென்று விளையாட்டு விழா.

பன்னிரண்டு மணிப் படத்தில் புகையே இல்லை. மாசிலாமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஈரத்துணியால் கோடுகளையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"டீச்சர், புகை போயிடுச்சு! ஹெட்மிஸ்ட்ரஸ் மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. பிள்ளைங்க ஷூ மாட்டிக்கிட்டு நிக்குதாம். ஓடச் சொல்லிடவா?"

செண்பகவல்லி எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். காடு சுற்றிய காலத்து அவருடைய டார்ச்சை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் போய் நின்று, அவர் முகத்துக்கு நேரே அடித்தாள். இன்னொரு கையால் அலமாரியிலிருந்த பழைய பதிவேட்டை ஓங்கித் தட்டினாள்.

"என்ன தெரியுது?"

"அடேயப்பா, எவ்வளவு தூசி!"

டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள். "இப்ப நீங்க சுவத்தைப் பாத்து அடிங்க. உச்சிவேளையில சூரியனும் இப்படித்தான், படம் எடுக்குற சாட்டிலைட்டுக்கு முதுகுப் பக்கம் நிக்கும்."

அடித்தார். வெள்ளைச் சுவர் பளிச்சென்று தெரிந்தது.

"தூசி எங்கே அண்ணே?"

"அது போயி..." என்று ஆரம்பித்தவர் தும்மினார். அடுத்து ஒன்று. மூன்றாவது தும்மலில் மூக்குக்கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது.

போன் அடித்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே எடுத்தார்.

"ஓடலாமா சார்?"

மாசிலாமணி டீச்சரைப் பார்த்தார். அவள் பதிவேட்டை அலமாரியில் நேராக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. பிள்ளைங்களை உள்ளயே வெச்சு கேரம் ஆடச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தியது இவருக்குக் கேட்டது. பாவமாக இருந்தது. மனசும் முழுசாக ஒப்பவில்லை. துடைத்த கோட்டை ஞாபகத்திலிருந்து மறுபடி வரைந்துவைத்தார்.

பொழுது சாய்ந்தது. ஐந்து மணிப் படம் வந்தது. கோட்டைத் தாண்டி, பள்ளிக்கூடம், மைதானம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு புகை கனமாகப் படுத்திருந்தது. மாசிலாமணி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். முழங்கால் வலி மறந்தே போனது.

"டீச்சர்! டீச்சர்! புகை திரும்பி வந்துடுச்சு!"

செண்பகவல்லி முறுக்கைக் கடித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

"எங்கே போயிருந்துச்சாம் அண்ணே?"