மின்னி தேடிய ஓடும் கால்கள்

நாவல் மரங்கள் சூழ்ந்த ஒரு குளக்கரையில் தாழை என்ற புள்ளிமான் இருந்தது. அதற்கு மின்னி என்று ஒரே குட்டி. அதற்கு முந்தின வருஷத்துக் குட்டியைப் புலி கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து தாழைக்கு ஒரு வாய்ப் புல்கூட நிம்மதியாக இறங்கியதில்லை.

மின்னிக்கோ எல்லாச் சத்தமும் ஒன்றுதான்! மரத்தில் குரங்குகள் சண்டை போட்டாலும் சரி, புலியைக் கண்டு அலறினாலும் சரி, தலையைத் தூக்காது.

"'கீச் கீச்'னா சண்டை. 'கக்! கக்!'னா புலி. எத்தனை தடவைடி சொல்றது?"

"அம்மா, அந்தப் பட்டாம்பூச்சியைப் பாரேன்!"

குளக்கரையில் புல் தீர்ந்துகொண்டு வந்தது. இன்னும் ஐந்தே நாளில் கூட்டம் அக்கரைக்குப் போயாக வேண்டும். புலி இருப்பதும் அக்கரையில்தான்.

அப்போதுதான் கருமுகன் என்ற குரங்கு ஒரு டேப்லெட் பெட்டியை இடுக்கிக்கொண்டு மரத்திலிருந்து குதித்தது.

"தாழை! ஜீப்புல சுத்திப்பார்க்க வந்தவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. உள்ளே காட்டுச் சத்தம் கண்டுபிடிக்கிற விளையாட்டு இருக்கு! இதோட முதுகுல இருக்கிற தகட்டுல வெயில் பட்டா சார்ஜும் ஏறிக்கும்!"

ஒரு சத்தம் கேட்கும். உடனே திரையில் இரண்டு படம் வரும். ஒன்று, சண்டைச் சத்தத்துக்குப் புல் மேயும் வாய். இன்னொன்று, புலிச் சத்தத்துக்கு ஓடும் கால்கள். சரியான படத்தைத் தொட்டால் மணி அடிக்கும், நட்சத்திரம் விழும். மின்னி குளம்பால் தட்டிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஈர மூக்கை வைத்தது. டிங்!

"அம்மா! நட்சத்திரம்!"

அவ்வளவுதான். அதன் பிறகு மின்னி பட்டாம்பூச்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றே நாளில் நூற்றுக்கு நூறு!

"பார்த்தியா? நான் சொன்னேன்ல!" என்று கருமுகன் வாலை முறுக்கிக்கொண்டது.

தாழையும் நிம்மதியாய் மூச்சு விட்டது. குட்டியைப் பெட்டியிடம் விட்டுவிட்டுத் தூரமாய்ப் போய் மேய்ந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று முள்ளாய் உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்னவென்றுதான் பிடிபடவில்லை.

ஐந்தாம் நாள் கூட்டம் அக்கரைக்குப் போனது. மேயத் தொடங்கிச் சிறிது நேரம்கூட ஆகவில்லை.

கக்! கக்!

"புலி!" என்று முதலில் கத்தியது மின்னிதான்! கூட்டம் மொத்தமும் புலி ஏறி வராத பாறை மேட்டுக்குப் பாய்ந்தது. பாதி வழியில் தாழை திரும்பிப் பார்த்தது.

மின்னி நின்ற இடத்திலேயே நின்றது. மூக்கால் ஒரு கல்லைத் தொட்டது. பக்கத்துச் செடியைத் தொட்டது.

"அம்மா, ஓடுற கால் படம் எங்கம்மா?"

புதர் அசைந்தது. தாழை திரும்பி ஓடிவந்து குட்டியைத் தலையால் முட்டித் தள்ளியது. "ஓடுடி! உன் காலால ஓடு!" புலி பாய்ந்தது. அதன் நகம் தாழையின் தொடையைக் கிழித்தது. இரண்டும் எப்படி மேடு ஏறின என்று அவற்றுக்கே தெரியாது.

கூட்டத்துத் தலைவன் கவைக்கொம்பன் சீறியது. "அந்தச் சனியன் பிடிச்ச பெட்டியைத் தூக்கிக் குளத்துல போடு! புள்ளை கெட்டுப் போச்சு!"

கருமுகன் தலையைத் தொங்கப் போட்டது.

"வேண்டாம் பெரியவரே," என்றது தாழை. காலில் ரத்தம் வழிந்தது. "புலின்னு நம்ம எல்லாருக்கும் முந்திச் சொன்னது யாரு? என் மின்னிதானே! பெட்டி அவ காதுக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. காலுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவ நான். நான் மேயப் போயிட்டேன்."

மறுநாளிலிருந்து ஆட்டம் மாறியது. கருமுகன் பெட்டியோடு மரத்தில் ஒளிந்துகொள்ளும். சத்தம் வந்ததும் மின்னி மேட்டுக்கு ஓட வேண்டும். நொண்டிக்கொண்டே தாழையும் கூட ஓடும். முதல் நாள் மின்னி படத்தைத் தேடி மூன்று தடவை மூக்கை நீட்டியது. அடுத்த நாள் ஒரே தடவை. மேட்டை எட்டியதும் தாழை அதன் நெற்றியை நக்கிவிடும். "நட்சத்திரத்தைவிட இது நல்லா இருக்கும்மா!" என்றது மின்னி.

ஒரு நாள் மேகம் மூடிக்கொண்டது. வெயிலே இல்லை. கருமுகன் கீழே வந்து பெட்டியை உலுக்கிக்கொண்டிருந்தது. "உசுரே இல்லை தாழை! இன்னைக்கு ஆட்டம் கிடையாது."

கக்! கக்!

தாழை கருமுகனைப் பார்த்தது. பெட்டி இருட்டாய் அதன் மடியில் கிடந்தது. அப்படியானால் இந்தச் சத்தம்? "மின்னி!" என்று அலறிக்கொண்டே திரும்பியது. பக்கத்தில் மின்னியைக் காணோம்!

"அம்மா, சீக்கிரம் வா!" பாறை மேட்டின் உச்சியிலிருந்து மின்னி கூப்பிட்டது.

புதிய கருவி எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்தாலும், பெரியவர்கள் பிள்ளையோடு சேர்ந்து ஓடிப் பழக்கினால்தான் அந்தப் பாடம் ஆபத்தில் கைகொடுக்கும்.