கடைசிப் பன்னிரண்டு வரிகள்

"மேடம், நான் எழுதின கடைசிப் பன்னிரண்டு வரி ஓடவே இல்ல," என்றார் எட்வின்.

ஐம்பது வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர் அவர். கற்றுக்கொடுத்த சந்திரலேகா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அதனால் என்ன, குரு குருதான்.

ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்கு எட்வின் புரோகிராம் எழுதியிருந்தார். ஊழியர் ஒரு பையைத் திரையில் தொட்டால் அது அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். வேறு யாரும் எடுக்க முடியாது. புரோகிராமை மூடும்போது, விட்டுப்போன பூட்டுகளை அந்தப் பன்னிரண்டு வரிகள் திறந்துவிடும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சனிக்கிழமை மின்சாரம் போனது. பேட்டரியும் காலை வாரிவிட்டது. கம்ப்யூட்டர் திரும்ப உயிர்பெற்றபோது கடைசி ஓ நெகட்டிவ் பை பூட்டியே கிடந்தது. பூட்டியவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். பிரசவ வார்டில் ரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்காக ஆள் வந்து கெஞ்சியும், வேறு யாருக்கோ எடுத்துவைத்தது என்று கையை விரித்துவிட்டார்கள். திரை சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது.

பை ஃபிரிட்ஜில் இருந்தது. அந்தப் பெண் இறந்துபோனாள்.

மூன்று நாளாக எட்வின் தூங்கவில்லை. பன்னிரண்டு வரிகளை நாற்பதாக்கிக் கொண்டுவந்திருந்தார். இனி எப்படி மூடினாலும் ஓடும் என்றார்.

சந்திரலேகா தன் மேசைக் கம்ப்யூட்டரில் ஓட்டச் சொன்னாள். ஒரு பையைப் பூட்டச் சொன்னாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

திரும்ப ஓட்டியபோது பை பூட்டியே இருந்தது.

எட்வினுக்கு அழுகை முட்டியது.

"சாகிற நேரத்துல புரோகிராமால எதுவும் முடியாதுன்னா, யாரு மேடம் திறந்துவிடறது?"

"அடுத்து எந்திரிக்கிறது."

எட்வின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு புரோகிராம் தொடங்கும் இடத்துக்குப் போய் எழுதினார். கண் விழித்ததும் முதல் வேலை, முன்பு செத்தபோது விட்டுப்போன பூட்டுகளைத் தேடித் திறப்பது.

மறுபடி பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி ஓட்டினார். பை திறந்திருந்தது.

ஐந்தே வரி. போன வாரமே எழுதியிருக்கலாம்.

"இனி நான் தூங்கலாமா மேடம்?"

"அந்தப் பொண்ணு வீட்டுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"பை உள்ளேயே இருந்துச்சுன்னு."

தெரியாது. ரத்தம் கிடைக்கவில்லை என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள்.

எட்வின் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், அந்தப் பெண் வீட்டு விலாசம் கேட்க.