இருபத்து நாலு கண்ணி

கோத்தகிரியில் பெர்சிஸ் நடத்தும் கம்பளிப் பின்னல் வகுப்பில் குருவுக்கு வயது இருபத்தாறு. புதிதாகச் சேர்ந்த சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் நஞ்சப்பன், வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று காலை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். கால் தரையில் பாவவில்லை.

“பேத்தி பொறந்திருக்குதுங்க டீச்சரம்மா! நாளைக்கு மத்தியானம் குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டு வர்றோம். இந்தக் குளிருக்கு அது போடுற மொதக் குல்லா என் கையால பின்னுனதா இருக்கோணும். கடைக் குல்லா ஆகாதுன்னு வீட்ல சண்டையே போட்டுட்டு வந்திருக்கறேன்.”

பையைக் கவிழ்த்தார். நான்கு பிளாஸ்டிக் வளையங்கள் மேசையில் உருண்டன. நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள்; ஒன்றைவிட ஒன்று பெரியது, விளிம்பெல்லாம் முளைகள். கடையில் இருந்த பின்னல் லூம் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தார் மனுஷன்.

“இதுல எதுங்க நல்ல லூமு?”

“தலை எவ்வளவு பெருசு?”

போனில் படத்தை எடுத்து நீட்டினார்.

“படம் வேண்டாம். தூக்கினீங்கல்ல? கையில காட்டுங்க.”

நஞ்சப்பன் இரண்டு கைகளையும் குவித்தார். உரித்த தேங்காய் அளவு இருந்தது. காட்டும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

“அப்போ நீலம். இருபத்து நாலு முளை” என்றாள் பெர்சிஸ். “ஒவ்வொரு முளையிலயும் ஒரு கண்ணி போடுங்க. மேல இன்னொரு சுத்து. கீழ இருக்கிற கண்ணியைக் கொக்கியால தூக்கி முளைக்குப் பின்னால தள்ளுங்க. அவ்வளவுதான், அப்படியே சுத்தி வந்தா குல்லா.”

“கண்ணி போட எனக்குச் சொல்லித் தரோணுமாக்கும்!” என்று ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முடித்துக் காட்டி எல்லோரையும் அசத்த வேண்டும் என்று எண்ணம்.

அரை மணி நேரம் போனது.

“டீச்சரம்மா, இந்த லூமு சரியில்லீங்க. கொக்கி உள்ளயே போகமாட்டீங்குது.”

பச்சையை எடுத்தார். அதுவும் சரியில்லை. சிவப்பும் சரியில்லை. மஞ்சளில் பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினார். ஒரு முளை ‘டக்’கென்று ஒடிந்து ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

வகுப்பே சிரித்தது. அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மணி பன்னிரண்டு. நாளைக்கு இந்நேரம் குழந்தை கிளம்பிவிடும்.

பெர்சிஸ் வந்து நீல லூமைக் கையில் எடுத்தாள். இருபத்து நாலு முளையிலும் இருபத்து நாலு சுருக்கு, அச்சில் வார்த்த மாதிரி. கொக்கியால் ஒன்றை இழுத்தாள். அது இன்னும் இறுகியது.

“ஐயா, இப்படிப் போட யார் கத்துக் கொடுத்தாங்க?”

நஞ்சப்பனுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது.

“கத்துக் கொடுக்கோணுமா? முப்பத்து நாலு வருசமா காட்டுல இதைத்தானுங்க தேடித் தேடி அறுத்தேன். திருட்டு வேட்டைக்காரனுங்க முயலுக்கு வெப்பானுங்க, கேளையாட்டு மானுக்கு வெப்பானுங்க. தலை உள்ள போச்சுன்னா முடிஞ்சுது. துள்ளத் துள்ள இறுகும். அறுத்ததை அவுத்து அவுத்துப் பாத்தே கை பழகிப் போச்சு. என்னைவிடச் சுத்தமா ஒருத்தன் கண்ணி போட முடியாதுங்க!”

பெர்சிஸ் கொக்கியைக் கீழே வைத்தாள். ஒரு சுருக்கை மெதுவாக அவிழ்த்தாள். அதே நூலை அந்த முளையில் ஒரு சுற்று சும்மா சுற்றிவிட்டாள். விரல் நுனியால் தொட்டதும் அது எழும்பி வந்தது.

நஞ்சப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கிப்போய்க் கேட்டார்:

“நீங்கதானுங்களே கண்ணி போடச் சொன்னீங்க?”

“சொன்னேன். ஆனா இந்தக் கண்ணிக்குள்ள போற தலை தூங்கணும்ங்கய்யா.”